இரண்டு முனையிலும் 50 ஓம்

கணினிகளை ஒரே கோஆக்சியல் கேபிளில் கோத்த பழைய 10பேஸ்2 ஈதர்நெட்டில், ஒரு முனையை மூடும் 50 ஓம் தடையான டெர்மினேட்டர் கழன்றால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். காரணம் கேட்டால், சிக்னல் முனையில் முட்டித் திரும்பும் என்பார்கள். அது பாதிக் காரணம்தான்.

செய்தி அனுப்பும் கணினியின் நெட்வொர்க் கார்டு கேபிளில் சராசரியாக 41 மில்லி ஆம்பியர் செலுத்தும். இரு முனையிலும் 50 ஓம் இருப்பதால் அதற்குத் தெரியும் தடை 25 ஓம். கேபிளில் சுமார் மைனஸ் 1 வோல்ட் நிற்கும். இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் அது மைனஸ் 2 ஆகும். மைனஸ் 1.5-ஐ ஒட்டிய அளவைத் தாண்டினாலே மோதல் என்று கார்டு முடிவு செய்துவிடும். இப்போது ஒரு டெர்மினேட்டரைக் கழற்றுங்கள். தடை 50 ஓம். தனியாக ஒரே கார்டு அனுப்பினாலும் மைனஸ் 2. தன் குரலையே மோதல் என்று எண்ணி, 16 முறை முயன்றுவிட்டு அந்த ஃப்ரேமை, அதாவது தரவுப் பொதியை, கைவிடும்.

பழுது பார்க்க மல்டிமீட்டர் போதும். எல்லாக் கணினிகளையும் அணைத்துவிட்டு, கேபிளைக் கார்டோடு இணைக்கும் டி கனெக்டர்களில் நடுவில் உள்ள ஒன்றைக் கார்டிலிருந்து உருவி, அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளக்க வேண்டும். கேபிளின் சொந்தத் தடையும் சேர்ந்து 25 முதல் 28 ஓம் வந்தால் நலம். 50-ஐ ஒட்டி வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது அல்லது அந்த முனையில் டெர்மினேட்டர் இல்லை. சுழியை நெருங்கினால் ஷார்ட். பெரும்பாலும் கேபிள் முனையில் கிரிம்ப் செய்த, அதாவது நசுக்கிப் பொருத்திய, பிஎன்சி இணைப்பிக்குள் வெளிப் பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டிருக்கும். எந்தப் பக்கம் என்று அறிய, டி-யிலிருந்து ஒரு கேபிளைக் கழற்றி இரு பக்கத்தையும் தனித்தனியே அளந்து, கெட்ட பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு துண்டில் 30 கணினிகள்தான் உச்சம். ஐந்து சுற்றுக்குள் இடம் பிடிபட்டுவிடும்.

மீட்டர் காட்டிக்கொடுக்காத வில்லன் ஒன்று உண்டு: தவறான கேபிள். தேவை 50 ஓம் ஆர்ஜி-58. டிவிக்கான ஆர்ஜி-59 75 ஓம், ஆர்க்நெட் என்ற இன்னொரு பழைய நெட்வொர்க்கின் ஆர்ஜி-62 93 ஓம். மூன்றிலும் பிஎன்சி பொருந்தும், பார்க்கவும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இந்த ஓம் எண்கள் ஓடும் சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை; நேர்மின் தடையை மட்டும் அளக்கும் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. உறையில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதுதான் வழி. இன்னொரு தவறு, டி-யைச் சுவரோரம் வைத்துக் கார்டு வரை தனிக் கேபிள் இழுப்பது. டி நேராகக் கார்டில்தான் உட்கார வேண்டும். எர்த் கொடுப்பதானால் ஒரே முனையில்.

10பேஸ்2 என்ற பெயரில் உள்ள கடைசி 2 என்பது 200 மீட்டர் கேபிள் நீளம், ஆனால் அனுமதி 185 தான். கொஞ்சம் தாராளமாக முழுமைப்படுத்திவிட்டார்கள். முந்தைய 10பேஸ்5 தடிக் கேபிளில் 500 மீட்டர், கணினி இணைக்க 2.5 மீட்டருக்கு ஒரு குறி, அங்கே கேபிளில் துளை போட்டுக் கடிக்கும் வாம்பயர் டேப் என்ற இணைப்பி. இரண்டையும் ஒழித்தது 1990-இல் வந்த, முறுக்கிய கம்பி ஜோடிகளில் ஓடும் 10பேஸ்-டி.

கேபிள் போனாலும் அதன் அளவு இன்னும் ஃப்ரேமுக்குள் இருக்கிறது. சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர்கள் வைத்து நீட்டிய மிக நீளமான நெட்வொர்க்கில், மோதல் நடந்த சேதி திரும்பி வரும்வரை அனுப்புபவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒதுக்கிய நேரம் 51.2 மைக்ரோ நொடி. 10 மெகாபிட் வேகத்தில் 512 பிட், அதாவது 64 பைட். ஃப்ரேமின் குறைந்தபட்ச அளவு அதுதான். இன்னொரு கணினியின் கார்டு முகவரியைக் கேட்கும் ஏஆர்பி செய்திக்குத் தலைப்பும் சரிபார்ப்பும் சேர்த்தே 46 பைட்தான் வருகிறது. மோதலே இல்லாத இன்றைய ஸ்விட்சிலும் மீதி 18 பைட்டை வெறும் நிரப்பலாகச் சுமக்கிறோம்.

பழைய கணினியை இன்றைய நெட்வொர்க்கில் சேர்க்க, பிஎன்சியும் இன்றைய நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45-உம் உள்ள ஹப் வேண்டும். அது செருகப்படும் ஸ்விட்ச் போர்ட் 10 மெகாபிட்டை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய அதிவேக ஸ்விட்சுகள் பலவற்றில் அது இல்லை. போர்ட்டை ஆட்டோவில் விட்டால், ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் அரை டூப்ளெக்ஸில் தானே இறங்கும். முழு டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தினால் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி போகும், ஆனால் பெரிய கோப்பு நகலெடுக்கும்போது தவழும்.

மல்டிமீட்டர் வித்தையோ வாகனங்களில் இன்றும் பிழைத்திருக்கிறது. வாகனத்தின் மின்னணுக் கருவிகளை இணைக்கும் கேன் பஸ் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம். நடுவில் அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை போயிற்று.