எடிட்டிங் படிக்க வருகிறவர்களுக்கு

சினிமாவில் மேலே வர அதிர்ஷ்டம் வேண்டுமா, உழைப்பு வேண்டுமா என்று திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். இரண்டுமே வேண்டும். நான் பார்த்தவரை, அதிர்ஷ்டம் நம்மோடு சின்ன வேலை பார்த்த ஆள் வழியாகத்தான் வருகிறது.

விஜய் சேதுபதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்காளராக இருந்தவர். 'புதுப்பேட்டை' போன்ற படங்களில் சிறு வேடம், டிவி தொடர், குறும்படம் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 2010ல் 'தென்மேற்குப் பருவக்காற்று' அவரைக் கதாநாயகன் ஆக்கியது. ஆனால் 2012ல் 'பீட்சா' வந்த வழியைக் கவனியுங்கள். சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கார்த்திக் சுப்பராஜ், கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' போட்டிக்காகக் குறும்படங்கள் எடுத்தார். அவற்றில் சேதுபதி நடித்திருந்தார். கார்த்திக்குப் 'பீட்சா' இயக்கக் கதவு திறந்தபோது சேதுபதிக்கும் திறந்தது. அதே போட்டியிலிருந்து வந்த நலன் குமரசாமியும் 2013ல் 'சூது கவ்வும்' படத்துக்கு அவரைத்தான் நாயகனாக்கினார். குறும்படம்தானே என்று அன்றைக்கு ஒதுங்கியிருந்தால்?

அதனால் கல்லூரியில் உங்கள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சக மாணவர்கள் படிப்பை முடிக்க எடுக்கும் டிப்ளமோ படங்களை எடிட் செய்து கொடுங்கள். 1986ல் 'ஊமை விழிகள்' எடுத்தவர்கள் திரைப்படக் கல்லூரி மாணவர்களாக இருந்த கூட்டாளிகள்தான்.

கல்லூரியில் சேருவதற்கான நேர்காணலில் பிடித்த படம் எது என்று கேட்டால் கதை சொல்லாதீர்கள். ஒரு காட்சியை எடுத்து, கட் எங்கே விழுகிறது, இன்னும் கொஞ்சம் முன்னால் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசுங்கள். என்னைக் கேட்டதும் இதைத்தான். பயிற்சிக்கு ஒரே காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தது பெரிய உதவி.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்தது டிவி சீரியல். ரஷ்ஷஸ், அதாவது வெட்டாத படப்பதிவுகளை வாங்கி, சவுண்டைப் படத்தோடு பொருத்தி சிங்க் செய்து, எந்த டேக் எங்கே இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கும் உதவியாளர் வேலை. சினிமா ஆட்கள் பலர் இதை மட்டமாக நினைக்கிறார்கள், அது சரியில்லை. நாளைக்கு ஒளிபரப்பு என்றால் இன்றைக்குக் கை வேகமாக ஓடியாக வேண்டும். அந்த வேகத்தை எந்த வகுப்பும் தராது. ஒருநாள் எபிசோட் அனுப்பும் நேரத்தில் ஒரு குளோசப்பைக் காணவில்லை. என் நோட்டைப் பார்த்து உடனே எடுத்துக் கொடுத்தேன். அப்போது அறையில் இருந்த இணை இயக்குநர், பிறகு சொந்தப் படம் தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார். அதற்கு நடுவே நீண்ட காலம் எதுவும் நடக்கவில்லை. அப்போதும் கல்யாண வீடியோ, விளம்பரம் என்று கை விடாமல் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டபோது கை பழக்கத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் ஒன்று. வீட்டில் ஒரு வருடத்துக்காவது செலவுக்குப் பேசி வைத்துக்கொண்டு சென்னைக்கு வாருங்கள். தொடக்கத்தில் தினப்படிச் செலவுக்கான பேட்டாகூடத் தள்ளிப்போகும். கூச்சப்படாமல், டைட்டிலில் பெயர் வருமா என்று வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள்.