பொய்யை யார் உடைக்க வேண்டும்?

காதல் நகைச்சுவைப் படம் பெரும்பாலும் ஒரு பொய்யை வைத்துத்தான் ஓடும். 1964இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் ரவிச்சந்திரன் தன்னைக் கோடீஸ்வரரின் மகன் என்று சொல்லி, முத்துராமனுக்கு வயதான அப்பா வேடம் போட்டுக் கூட்டிவருவார். பெண்ணின் அப்பாவான பாலையா ஏமாறும்போது மனம் உறுத்தாமல் சிரிக்கிறோம். ஆளைப் பணத்தால் அளக்கிற அப்பாவுக்குச் சொன்ன பொய் அது. அதே பொய்யைக் காதலிக்கிற பெண்ணிடமே சொன்னால் கதையின் கணக்கு மாறிவிடும். அவள் விரும்பியது யாரை என்ற கேள்வி வந்துவிடும்.

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் குறும்படம் எழுதுகிறவர்களுக்கு நம் ஊரிலேயே நல்ல பொய் ஒன்று இருக்கிறது: குடி, அதாவது குலப் பிரிவு. தாய்வழியில் வருவது, ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. பெண்ணின் குடியையே சேர்ந்த பொடியன் தான் வேறு குடி என்று சொல்லிவிட்டால், கோயில் திருவிழாவில் ஒரு பெரியம்மா “மகன், உங்கட அம்மாட குடி என்ன?” என்று கேட்பதே போதும், காட்சி சிரிப்பில் நிறையும். வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கேதான் குடியேறுவார் என்பதால், அந்தப் பொய்யோடு அவர் அவளுடைய வீட்டுக்குள்ளேயே வாழ வருகிறார். பாரம் அங்கே இருக்கிறது.

இருபது நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ இருபது பக்கம். பொய் மூன்றாம் பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். நடுவில் இரண்டு இடங்களில் உண்மையைச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். அவன் பயத்தால் தவறவிட வேண்டும். போன் அடித்தது, யாரோ வந்துவிட்டார்கள் என்று தப்பவிடாதீர்கள். பதினான்காம் பக்கமளவில், பிடிபடும் முன்னே, அவனே சொல்ல வேண்டும். மாமா வந்து போட்டுடைத்தால், மறுகா அவன் கேட்கிற மன்னிப்பு வருத்தத்திலா, மாட்டிக்கொண்டதாலா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

அதிகம் கெடுவது மன்னிப்புக் காட்சிதான். பஸ்ஸை மறித்து, கல்லடிப் பாலத்தில் கூட்டாளிமார் கைதட்ட, மாமாங்கத் திருவிழாச் சனத்துக்கு நடுவில் மன்னிப்புக் கேட்பார்கள். அத்தனை கண்ணுக்கு முன் அவள் எப்படி ‘இல்லை’ என்பாள்? இருவரையும் தனியே வையுங்கள். “நான் உங்களிட்ட பொய் சொல்லிட்டன். குடியை மாத்திச் சொன்னன்.” அதோடு நிறுத்துங்கள். ‘உங்களில உள்ள விருப்பத்தாலதான்’ என்று சேர்த்தால் பழி அவள் தலையில் விழுகிறது. அவளுடைய பதிலை அதே காட்சியில் வைக்க வேண்டாம். நாலைந்து பக்கம் மிச்சமிருக்கிறது. அவள் கோபப்படவும், கேள்வி கேட்கவும், தாயோடு பேசவும் அந்த இடம் வேண்டும். அரைப் பக்கத்தில் சிரித்து மன்னிக்கிற பெண்ணை யாரும் நம்புவதில்லை.

பின்தொடர்வதை நகைச்சுவையாக்குவது இன்னொன்று. அக்கரைப்பற்று பஸ்ஸில் தினமும் பின்னால் வந்து தொல்லை கொடுப்பவனைக் காதலனாக எழுதாதீர்கள். 1995இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. சொல்லால் செய்தாலும் குற்றம். எடுத்த காட்சி சரியா என்று பார்க்க ஒரு வழி: இசையை நிறுத்திவிட்டு, பெண்ணின் முகத்தை மட்டும் பாருங்கள். அவள் ஒதுங்குவதும் வேகமாக நடப்பதும் பயமாகத் தெரிந்தால் அந்தக் காட்சியை வெட்டுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை அவள் அவனைக் கேலி செய்கிற காட்சிக்குக் கொடுக்கலாம். நம் பெண்பிள்ளைகளின் வாய்க்கு இரண்டு நிமிடம் காணாது.