விற்பதா, மாத வாடகைக்கு விடுவதா?

இயந்திரம் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் வாடகை முறைக்கு மாற யோசிக்கும்போது, முதலில் போடும் கணக்கிலேயே கோட்டை விடுகின்றன. மூன்று வருட வாடகையைக் கூட்டி விற்பனை விலையோடு ஒப்பிடுவார்கள். வாடகைதான் லாபமாகத் தெரியும். பணம் எந்த மாதம் கைக்கு வரும், எத்தனை பேர் நடுவில் விலகுவார்கள் என்ற இரண்டும் அந்தக் கூட்டலில் இருக்காது. முடிவை மாற்றுபவை அந்த இரண்டும்தான்.

ஓர் இயந்திரத்தின் விலை 12,000, அடக்கம் 7,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் சரி. மாத வாடகை 500. பராமரிப்புக்கு 100 போனால் நிற்பது 400. விற்றால் 5,000 லாபம் உடனே கையில். வாடகைக்கு விட்டால் போட்ட முதல் திரும்பவே 18 மாதம் ஆகும். மாதம் 10 இயந்திரங்களை வாடகைக்கு அனுப்பினால் கையிருப்பு 17-ஆம் மாதம் வரை கரைந்துகொண்டே போய், 5,78,000 பற்றாக்குறையில் நிற்கும். அது சரியாவது 34-ஆம் மாதத்தில். ஒருவர்கூட விலகாமல், ஒருவர்கூடப் பாக்கி வைக்காமல் இருந்தால்தான் இதுவும். வியாபாரம் சூடுபிடித்து மாதம் 20 போனால் பற்றாக்குறையும் இரட்டிப்பாகும். நன்றாக ஓடும் நிறுவனம் கைப்பணம் இல்லாமல் முடங்குவது இப்படித்தான்.

உற்பத்திச் செலவு அதிகம் இல்லாத மென்பொருளிலும் இந்தச் சரிவு உண்டு. போட்டோஷாப் மென்பொருளைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013-இல் சந்தா முறைக்கு முழுமையாக மாறியபோது அதன் ஆண்டு வருவாய் சுமார் 440 கோடி டாலரிலிருந்து 405 கோடிக்கு இறங்கியது. அதைத் தாங்கும் கையிருப்பு அதனிடம் இருந்தது. உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது விலகல். மாதம் 3 சதவீதம் பேர் விலகினால் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 33 மாதம் இருப்பார். 13,300 வரும், முதல் போக 6,300 மிஞ்சும். விற்பனையைவிடக் கொஞ்சம் மேல். 5 சதவீதமானால் 20 மாதம்தான், மிஞ்சுவது வெறும் 1,000. 6 சதவீதத்தில் நஷ்டம். திரும்பி வரும் இயந்திரத்தைச் சீர்செய்து மறுபடி விடலாம்தான். ஆனால் பழுதுபார்க்கும் செலவையும் அது சும்மா கிடக்கும் மாதங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். குறைந்தபட்சம் 12 மாத ஒப்பந்தம், மூன்று மாத முன்பணம் இரண்டும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு முறைகளையும் ஒன்றாக வைத்திருந்தால் வேறொரு சிக்கல் வரும். இயந்திரத்தை மிக அதிகமாக ஓட்டுபவர்கள், பராமரிப்பு உங்கள் தலையில் என்பதால் வாடகைப் பக்கம் சாய்வார்கள். 100 என்று போட்ட பராமரிப்புச் செலவு அப்போது 200 ஆகிவிடும். இதற்கு நல்ல தீர்வு மீட்டர். 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரம் மாதம் 95 டாலர் வாடகைக்குப் போனது. 2,000 பிரதிகள் வரை அதில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட். கூடுதலாக ஓட்டியவர் கூடுதலாகக் கொடுத்தார்.

விற்பனையாளர் கமிஷனையும் மறந்துவிடக் கூடாது. ஒப்பந்தம் போட்ட அன்றே முழுக் கமிஷன் கொடுத்தால், 12 மாத ஒப்பந்தம் முடிந்ததும் விலகப்போகிறவரையும் பிடித்து வருவார்கள். பாதியை அன்றைக்கும் மீதியை வாடிக்கையாளர் 12 மாதம் தாண்டிய பிறகும் கொடுங்கள்.

ஒரேயடியாக மாறாமல், புதிதாக வரும் 20 அல்லது 30 வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வாடகை முறையைத் திறந்து ஆறு மாதம் பாருங்கள். ஒப்பந்தம் இருப்பதால் அதற்குள் யாரும் விலகமாட்டார்கள். அதனால் விலகலை எண்ணிப் பயனில்லை. வாடகை எத்தனை நாள் தாமதமாகிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இயந்திரம் ஓடுகிறது, எத்தனை முறை பழுதுக்கு அழைக்கிறார்கள் என்பதைக் குறித்து வாருங்கள். வாடகைக்கு எடுத்து வைத்து ஓட்டாமலே இருப்பவர்தான் ஒப்பந்தம் முடிந்ததும் முதலில் கிளம்புவார். அவருக்கு நான்காவது மாதத்திலேயே ஆள் அனுப்பி, ஏன் ஓட்டவில்லை என்று கேளுங்கள்.