குறட்டை என்று நினைத்துவிட்டோம்

என் தம்பி போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் இரவு, அவன் அறையிலிருந்து வந்த சத்தத்தைக் குறட்டை என்றே நானும் அம்மாவும் எடுத்துக்கொண்டோம். காப்பிக்கடையில் பையில் கட்டித் தரும் தேநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது எழுமே, அப்படியொரு கொரகொரப்பு. நின்றுபோய், நெடுநேரம் கழித்து மறுபடியும் வந்தது.

விளக்கைப் போட்டபோது உதடுகளும் நகக்கண்களும் நீலம் பாரித்திருந்தன. அப்போதும் நான் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைக்கவில்லை. காவல்துறை வந்துவிடும் என்ற அச்சத்தில் முதலில் தாய்மாமாவைத்தான் அழைத்தேன். "முகத்தில் தண்ணீரை அடி, எழுப்பி நடக்க வை" என்றார். கால்கள் தரையில் இழுபட, இருவருமாக அவனைக் குளியலறைவரை இழுத்துச் சென்றதில் ஏறத்தாழப் பத்து நிமிடம் பாழாயிற்று. மூச்சுக்குத் திணறுபவனைத் தண்ணீரும் நடையும் காப்பாற்றா என்பதை மாமாவும் அறிந்திருக்கவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை.

995இல் பேசிய பெண்மணி, மூச்சு விடுகிறாரா என்று கேட்டதற்குக் "குறட்டை விடுகிறான்" என்றேன். நெஞ்சு ஏறி இறங்குவதைச் சத்தமாக எண்ணச் சொன்னார். அரை நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. உடனே அவனைத் தரையில் மல்லாத்தி நெஞ்சின் நடுவே அழுத்தச் சொல்லி, தாளம் தவறாமல் எண்ணிக்கொடுத்தார். ஏதேனும் உட்கொண்டாரா என்று அவர் கேட்டபோது "தெரியவில்லை" என்று நான் சொன்ன பொய் இன்னும் உறுத்துகிறது. அன்றிரவு உருப்படியாக நடந்தது ஒன்றே: எதிர்வீட்டு மலாய் மாமி தாமாகவே கீழே சென்று மின்தூக்கியைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்.

அவசர மருத்துவ வாகனத்தில் வந்தவர், கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்தார். கருமணி கடுகளவு சுருங்கியிருந்தது. "ஹெராயினா?" என்றார். ஆமென்று தலையசைத்தேன். அவர் திட்டவில்லை, முகமூடியை வைத்துக் காற்றுப்பையை அழுத்தத் தொடங்கினார்.

மருத்துவமனையில் ஹெராயினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்தை ஏற்றிய சில நிமிடங்களில் தம்பி எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கத்தினான். நாங்களும் அழைத்துச் செல்லத்தான் நினைத்தோம். மருத்துவர் தடுத்தார். நலாக்சோனின் பிடி 30 முதல் 90 நிமிடங்களில் தளர்ந்துவிடுமாம். உடலில் ஹெராயின் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடியும் அடங்குமாம். அவர் சொன்னபடியே சற்று நேரத்தில் அவன் கண்கள் சொருகின, மீண்டும் மருந்து ஏற்றினார்கள். நிலையத்தில் இருந்த மாதங்களில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்டதால், முன்பு பழகிய அதே அளவே இப்போது ஆளை முடித்துவிடக்கூடியது என்றும், தூக்கமாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்றும் விளக்கினார். நிலையத்திலிருந்து அவனை அழைத்துவந்த அன்று இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

போதைப் பழக்கம் உள்ளவரென்று கருதினால் மருத்துவர் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். ஆகவே என் அச்சம் வீணானதன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு நான் கொடுத்த பத்து நிமிடம் அவன் மூச்சிலிருந்து எடுத்தது.

இதற்கிடையே பதிவு முகப்பில் இருந்தவர் தம்பியின் அடையாள அட்டை வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றார். விடியற்காலையில் டாக்சி பிடித்து ஈசூனில் உள்ள வீட்டுக்குப் போய் அலமாரியெல்லாம் கவிழ்த்துத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அட்டை, கத்தரியால் வெட்டிக் கழற்றிய அவனுடைய காற்சட்டையின் பையிலேயே, படுக்கைக்கு அடியில் ஒரு நெகிழிப் பைக்குள் கிடந்தது.