ரெண்டு வருஷ விரதம் முடிச்ச பையனோட சால்ட் லேக் கோயிலுக்கு

பக்கத்து வீட்டுப் பையன் பிலிப்பைன்ஸ்ல மதத்தைப் பரப்புற ஊழியம் முடிச்சு வந்து ஒன்பதாவது நாள், ஒரு சனிக்கிழமை காலையில அவனும் அவங்க அம்மாவும் நானுமா லீஹை ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி சால்ட் லேக் சிட்டியில இருக்கிற அவங்க கிறிஸ்தவ சபைக் கோயிலுக்குப் போனோம். உள்ள போக முடியாதுன்னு தெரிஞ்சேதான் போனோம், 2019 டிசம்பர் கடைசியில புதுப்பிக்கிற வேலைக்காக மூடினது, 2027லதான் திறக்கப் போறாங்க, ஆனா பையன் வெளிய நின்னு பாத்தா போதும், நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டான், எனக்கும் அவனோட ஒரு நாள் முழுக்க இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு.

நாம மார்மன்னு சொல்றது இவங்களைத்தான். 2018ல அவங்க சபைத் தலைவர் அந்தப் பேரை விட்டுட்டு முழுப் பேரையே சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டார், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830 ஏப்ரல் 6ஆம் தேதி நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச சபை. நான் யூட்டா வந்து ஏழு வருஷம் ஆச்சு, வந்த முதல் பனிக்காலத்துல ஒரு நாள் விடியக்காலம் கதவைத் திறந்து பாத்தா எங்க வீட்டு முன்னாடி இருந்த பனியெல்லாம் யாரோ அள்ளிப் போட்டிருந்தாங்க, அது இந்தப் பையன்தான், அப்ப அவனுக்கு 13 வயசு இருக்கும், ஒரு வார்த்தை சொல்லிக்கல. அன்னையில இருந்து அவன் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி.

இந்தச் சபையில ஆம்பளைப் பசங்க 18 வயசு ஆனா ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவாங்க, பொண்ணுங்க ஒன்றரை வருஷம். இப்ப உலகம் முழுக்க 70,000 பேருக்கு மேல இப்படிப் போயிருக்காங்க. எந்த ஊருக்குப் போகணும்னு இவங்க தேர்ந்தெடுக்க முடியாது, விண்ணப்பம் போட்டா சபையில இருந்து அழைப்பு வரும், அதுல போட்டிருக்கிற ஊர்தான். சம்பளமும் கிடையாது, இங்க இருந்து போறவங்க வீட்டுல மாசம் 500 டாலர் கட்டணும், இவன் ரெண்டு வருஷமா கோடையில புல்லு வெட்டியும் கடையில மூட்டை தூக்கியும் சேத்து வச்சிருந்தான். அழைப்பு வந்த அன்னைக்கு சொந்தக்காரங்க எல்லாரும் கூடியிருக்க, எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க, பையன் சத்தமா வாசிச்சான், பிலிப்பைன்ஸ், செபு. அவங்க தாத்தா அழுதுட்டார்.

நான் பதினொரு தடவை மாலை போட்டு சபரிமலைக்குப் போனவன். அதனால இந்தப் பையன் விரதத்தைச் சொல்லச் சொல்ல எனக்குப் புதுசாவே தெரியல. மாலை போட்டுட்டா நமக்குப் பேரு போயிடும், எல்லாரும் சாமிதான், முதலாளியும் சாமி, மூட்டை தூக்குறவரும் சாமி. இவங்களுக்கும் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுற வழக்கம் அந்த ரெண்டு வருஷமும் இல்ல, எல்டர்னு சொல்லி குடும்பப் பேரு மட்டும், பொண்ணுங்கன்னா சிஸ்டர். சட்டையில கறுப்புப் பேட்ஜ், அதுல அந்தப் பேரும் இயேசு கிறிஸ்து பேரும். சினிமா கிடையாது, காதல் கிடையாது, டீ காபி மது சிகரெட் இதெல்லாம் அவங்களுக்கு எப்பவுமே கிடையாது. புதுசா வர்றவனுக்கு முதல் 12 வாரம் கூடவே இருந்து கத்துக் குடுக்க ஒரு அனுபவசாலி எல்டர், நம்ம கன்னிசாமிக்குக் குருசாமி மாதிரி. நான் இருந்தது 41 நாள், இந்தப் பையன் ரெண்டு வருஷம், அதை நினைச்சா எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

2023ல ப்ரோவோல இருக்கிற பயிற்சி மையத்துல கொண்டுபோய் விட்டப்ப நானும் கூடப் போனேன். ரோட்டோரமா கார் நிக்கும், பெட்டியை இறக்கி, கட்டிப் புடிச்சு, அவ்வளவுதான், ரெண்டு மூணு நிமிஷத்துல இன்னொரு ஊழியக்காரப் பையன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான், உள்ள வந்து உக்காந்து அழுதுட்டுப் போற இடம் இல்ல. பேட்ஜ் கூட உள்ள போனப்புறம்தான் குடுப்பாங்க, அவங்க அம்மா குத்திவிடணும்னு எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாங்க. காருக்குள்ள வந்து உக்காந்து சீட் பெல்ட்டைப் போட வரல அவங்களுக்கு, நான்தான் போட்டுவிட்டேன்.

அங்க ஆறு வாரம் மொழி படிச்சுட்டு செபுவுக்குப் போனான். திங்கட்கிழமை அவங்களுக்கு ஓய்வு நாள், துணி துவைக்க, காய்கறி வாங்க, வீட்டுக்கு வீடியோ கால் பேச. 2019க்கு முன்னாடி அன்னையர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தானாம் போன், இப்ப வாரா வாரம் பேசலாம். எனக்கும் அந்த நாள்ல மெயில் போடுவான், எல்லாம் நான் எடுத்து வச்சிருக்கேன்.

காலையில ஆறரைக்கு எந்திரிக்கணும், ஜெபம், உடற்பயிற்சி, எட்டு மணியில இருந்து வேதம் படிக்கிறது, அப்புறம் ஜோடியா உக்காந்து படிக்கிறது, மொழி, அப்புறம் தெருவுல இறங்கினா ராத்திரி ஒன்பது வரைக்கும் நடை, பத்தரைக்கு லைட் அணைக்கணும். எப்பவும் ரெண்டு பேர்தான், தனியா எங்கயும் போகக்கூடாது, கம்பானியன்னு சொல்றாங்க, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாத்தல் வரும், யாரு கூட போடுவாங்கன்னு தெரியாது. இவனுக்கு முதல்ல அமைஞ்ச பையன் பிலிப்பைன்ஸ்லயே மின்டனாவோ தீவுப் பக்கத்துப் பையன், வீட்டுல மீன் பிடிக்கிறவங்க, இங்கிலீஷ் அவ்வளவா வராது, இவனுக்கு அந்த ஊரு மொழி செபுவானோ வராது, ரெண்டு பேரும் ஒரே பாத்ரூம் ஒரே வாளியில குளிச்சு, சண்டை போட்டு, அப்புறம் ஒருத்தனுக்கு ஒருத்தன் முடி வெட்டி விடுற அளவுக்கு ஆயிட்டாங்களாம். அங்க வாசல்ல நின்னு "ஆயோ"ன்னு குரல் குடுக்கணுமாம், வீட்டுல யாராவது இருக்கீங்களான்னு அர்த்தம். ஒரு நாளைக்கு அம்பது வீட்டு வாசல்ல ஆயோ சொல்லியிருக்கேன், பாதி பேர் வேண்டாம்னுதான் சொல்றாங்க, ஆனா வேண்டாம்னு சொல்றவங்களும் வெயில்ல நிக்காதீங்கன்னு தண்ணி குடுத்துத்தான் அனுப்புறாங்கன்னு எழுதியிருந்தான்.

நடுவுல நாலு மாசம் ரொம்பக் கஷ்டப்பட்டான். யாரும் கேக்கல, கேட்டவங்களும் அடுத்த வாரம் வீட்டுல இல்ல, தோல்ல சேத்துப் புண்ணு, மழை. அந்த நேரத்துலதான் அவங்க தாத்தா இறந்துட்டார். வந்துட்டுப் போகணுமான்னு கேட்டாங்க, அவன் யோசிச்சு, தாத்தாதான் என்னை அனுப்பினார், நான் இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டான். அடக்கத்தன்னைக்கு அவன் எழுதி அனுப்பினதை அவன் தங்கச்சி வாசிச்சுது, நான் அந்தக் கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தேன், எங்க அப்பா போனப்ப நான் இங்க இருந்து போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு, அதெல்லாம் சேந்து வந்துருச்சு.

அந்த நாலு மாசத்துல அவனைத் தாங்கிப் பிடிச்சது ஒரு பாட்டி. செபுவுல பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், 1521ல மெகல்லன் கொண்டு வந்து குடுத்த பாலக இயேசு சிலை இருக்கிற ஊரு அது, அந்தப் பாட்டி வீட்டுலயும் சின்னதா ஒரு பாலக இயேசு, முன்னாடி விளக்கு. 2021 டிசம்பர்ல வந்த ஒடெட் புயல்ல கூரை போயி, இவன் பாக்குறப்பவும் பாதி வீடு தார்ப்பாய்தான். இவங்க ரெண்டு பேரும் முதல் நாள் ஒண்ணும் பேசல, சிமெண்ட் கல்லு சுமந்து குடுத்தாங்க. ரெண்டாவது வாரம் பாட்டி, எனக்கு உங்க சபை வேண்டாம் தம்பி, ஆனா எனக்குக் கண்ணு தெரியல, என் பைபிள்ல இருந்து சங்கீதம் வாசிச்சுக் காட்டுன்னு கேட்டாங்களாம். அதுல இருந்து வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாசிப்பு. அவன் உச்சரிப்பு தப்பா இருந்தா பாட்டி திருத்துவாங்க, அப்படித்தான் அவனுக்கு மொழியே வந்துச்சாம். வாசிக்க எடுத்த புத்தகம் அவங்களோடது, அவன் கொண்டு போன சபைப் புத்தகம் இல்ல, ஆனா அவன் அதைப் பத்தி ஒரு தடவை கூடக் குறையா எழுதல. எனக்கு அந்தப் பையன் மேல மரியாதை வந்தது அங்கதான்.

திரும்பி வந்த அன்னைக்கு ஏர்போர்ட்ல பலூனும் போர்டும் புடிச்சுக்கிட்டு ஒரு கூட்டமே நின்னுச்சு. அம்மாவைக் கட்டிப் புடிச்சுட்டு, தங்கச்சியைத் தூக்கிச் சுத்திட்டு, அப்புறம் என் பக்கம் வந்தான். அமெரிக்கப் பசங்க மாதிரி கை குடுப்பான்னு நான் கையை நீட்டினேன், அவன் அந்தக் கையை அப்படியே எடுத்து குனிஞ்சு தன் நெத்தியில வச்சான். பிலிப்பைன்ஸ்ல பெரியவங்ககிட்ட ஆசி வாங்குற பழக்கம் அது. எனக்குப் பேச்சே வரல, ரெண்டாவது கையையும் தன்னால தூக்கி அவன் தலையில வச்சுட்டேன்.

சனிக்கிழமைக்கு வர்றேன். கோயில் வளாகத்துல இன்னும் வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு நடுவுல அந்த ஆறு கோபுரம். 1853 ஏப்ரல் 6 மூலைக்கல் வச்சு, 1893 ஏப்ரல் 6 பிரதிஷ்டை, சரியா 40 வருஷம். 1847 ஜூலையில ப்ரிகம் யங் தலைமையில ஆயிரம் மைலுக்கு மேல வண்டியிலயும் நடையிலயும் வந்து இறங்கின ஜனங்க, சாப்பாட்டுக்கே வழி இல்லாத வனாந்திரம், அதுல கட்டின கோயில். 20 மைல் தள்ளி லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குல இருந்து கல்லு, ரயில் வர்ற வரைக்கும் மாட்டு வண்டிதான், ஒரு பெரிய கல்லு வந்து சேரவே மூணு நாலு நாள். அடியில சுவரு 9 அடி கனம். 1858ல அமெரிக்க ராணுவம் வருதுன்னு அஸ்திவாரத்தையே மண்ணு போட்டு மூடி உழுத வயல் மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்களாம். மண்ணை எடுத்து மறுபடி ஆரம்பிச்சவங்கள்ல எத்தனை பேர் முடிஞ்சதைப் பாத்திருப்பாங்க? நம்ம ஊர்ல ராஜகோபுரம் தாத்தா காலத்துல ஆரம்பிச்சு பேரன் காலத்துல முடியும்னு சொல்வாங்களே, அது ஞாபகம் வந்துச்சு.

உச்சியில மரோனி தேவதூதன், தங்க நிறத்துல எக்காளம் ஊதுற மாதிரி. 2020 மார்ச் 18 பூகம்பத்துல அந்த எக்காளம் கையில இருந்து கீழ விழுந்துருச்சு, அப்புறம் சிலையையே இறக்கிட்டாங்க, 2024 ஏப்ரல்லதான் திரும்ப ஏத்தினாங்க. பையன் போறப்ப உச்சி காலியா இருந்துச்சு, இப்பதான் பாக்குறான். ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னான், நான் கை கூப்பி நின்னேன், அந்தம்மா அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, என் பக்கத்துல வந்து அவங்களும் கையைக் கட்டிக்கிட்டு தலை குனிஞ்சாங்க, அவங்க கும்பிடுற முறை அதுதான்.

அதே வளாகத்துல சபை கூடுற டேபர்னேக்கிள் மண்டபம் திறந்திருந்துச்சு. 1867ல கட்டினது, 250 அடி நீளம், ஆமை ஓடு மாதிரி கூரை, நடுவுல ஒரு தூண் கிடையாது. பாடகர் குழு உக்கார்ற இடத்துக்குப் பின்னாடி ஆர்கன், 11,623 குழாய். மேடையில ஒரு சிஸ்டர் நின்னு ஒரு குண்டூசியைக் கீழ போட்டாங்க, நாங்க கடைசி வரிசையில இருந்தோம், 170 அடி தூரம், டிக்குனு கேட்டுச்சு. வழி காட்டுற பொண்ணுங்க எல்லாரும் ஊழியக்காரங்கதான், பேட்ஜோட சேத்து அவங்கவங்க நாட்டுக் கொடியும் குத்தியிருப்பாங்க. ஒரு பொண்ணு சட்டையில நம்ம கொடியைப் பாத்ததும் ஓடிப் போய்ப் பேசினேன், ஆந்திராக்காரப் பொண்ணு, தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வருது, "சாப்டீங்களா அண்ணா"ன்னு கேட்டுச்சு. அவ்வளவு தூரத்துல அந்த ஒரு வார்த்தை போதும். வீட்டு ஞாபகம் வருமாம்மான்னு கேட்டேன், ராத்திரி படுக்குறப்ப மட்டும் அண்ணா, பகல்ல நேரமே இல்லன்னு சிரிச்சுது.

பையன் அந்தப் பொண்ணோட கம்பானியன்கிட்ட செபுவானோல பேச ஆரம்பிச்சுட்டான், அது பிலிப்பைன்ஸ் பொண்ணு. நானும் அந்தம்மாவும் வெளிய பெஞ்சுல உக்காந்தோம். அப்பதான் அவங்க சொன்னாங்க. ஏர்போர்ட்ல இருந்து நேரா ஸ்டேக் தலைவர்கிட்டதான், அதாவது பல உள்ளூர் சபைகளைச் சேத்துப் பாத்துக்கிறவர்கிட்ட, கூட்டிட்டுப் போனாங்களாம், அவர்தான் ஊழியத்துல இருந்து விடுவிக்கணும், விடுவிச்சுட்டா பேட்ஜைக் கழட்டிடணும். அவர் சொன்னதும் பையன் கை பேட்ஜ் வரைக்கும் போயிருக்கு, கழட்ட வரல, அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். அப்புறம் திரும்பி, அம்மா நீ எடுத்து விடுன்னு சொன்னானாம். குத்திவிடத்தான் குடுத்து வைக்கல, எடுத்து விட்டேன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் எங்க ஊர்ல மலைக்குப் போயிட்டு வந்தா மாலையைக் கழட்டுறது அம்மாதான்னு சொன்னேன். எங்க அம்மா கழட்டின மாலையைப் பூஜை ரூம்ல சாமி படத்துல போட்டுட்டு ஒரு நிமிஷம் அங்கயே நிப்பாங்க, அதையும் சொன்னேன். அந்தம்மா, நான் அதைத் தாத்தா படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்னாங்க.

திரும்பி வர்றப்ப ட்ரெயின்ல பையன் ஜன்னல் பக்கம் உக்காந்து அப்பப்ப இடது பக்கம் சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தான். இனிமே என்ன பண்ணப் போறன்னு கேட்டேன், காலேஜ், வேலைன்னு சொன்னான், எல்லாப் பசங்களும் சொல்றதுதான். பாட்டி எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். நல்லா இருக்காங்க, பேத்திகிட்ட போன் இருக்கு, பேசுறேன்னு மட்டும் சொன்னான்.

இங்க வியாழக்கிழமை விடியக்காலம் ரெண்டு மணின்னா செபுவுல சாயங்காலம் நாலு. போன வாரம் தண்ணி குடிக்க எந்திரிச்சேன், பக்கத்து வீட்டு மாடி ரூம்ல லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.