ஜூலைச் சல்லடையும் அக்டோபர்ச் சல்லடையும்

மும்பையை ஒட்டிய தானே கிரீக் என்கிற கடற்கழியின் அடிச்சேற்றில் வாழும் சிறு உயிர்களை எண்ணுவது என் வேலை. ஐரோலிப் பக்கம் படகை நிறுத்தி, வான் வீன் கிராப் என்கிற இரும்புத் தாடையைக் கயிற்றில் இறக்குவோம். அது தரையைத் தொட்டதும் ஒரு வாய்ச் சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே வரும். அதை 0.5 மி.மீ. கண் உள்ள சல்லடையில் கொட்டி, தண்ணீர் ஊற்றி அலசி, மிஞ்சுவதை ஃபார்மலினில் போட்டு ரோஸ் பெங்கால் சாயம் சேர்ப்போம். உயிரோடு இருந்தவை இளஞ்சிவப்பு ஏறிப் பளிச்சென்று நிற்கும். இலைத் துணுக்கிலும் வெற்று ஓட்டிலும் அவ்வளவாக ஏறாது. அப்புறம் லேபில் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

நான் இந்த வேலையைக் கற்றது பரங்கிப்பேட்டையில். வெள்ளாறும் பிச்சாவரமும்தான் எனக்குப் பாடம். அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆற்று வெள்ளம் வந்து சேற்றைப் புரட்டிப் போடும், உயிர்களின் எண்ணிக்கை விழும், தை பிறந்தபின் மெல்ல ஏறும். மும்பையில் மழை ஜூனில் பிடித்து செப்டம்பரில் விடுகிறது. அதாவது பிச்சாவரத்துச் சேறு காலியாகும் நவம்பரில் இங்கே சேறு நிறைந்துகொண்டிருக்கும். இரண்டு ஊரிலும் நடப்பது ஒன்றேதான். மாதம் மட்டும் மாறுகிறது. மாதப் பெயரை விட்டுவிட்டு, மழை எப்போது விட்டது என்று கேட்டால் கணக்கு சரியாக வரும்.

இந்த நான்கு மாதத்தில் மும்பையில் 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. மற்ற மாதங்களில் தானே கிரீக்குக்கு ஆற்றுத் தண்ணீர் வரத்து குறைவு. அலை கொண்டுவரும் கடல்நீர்தான் அதை ஆள்கிறது. கோடையில் கடலுக்குச் சமமாகக் கரிக்கும் தண்ணீர், ஜூலையில் மேல் பகுதியில் ஏறக்குறைய நன்னீராகிவிடும். உடம்பின் உப்பைக் காத்துக்கொள்ளத் தெரியாத உயிர்களுக்கு அது பெரிய அடி: தண்ணீர் உள்ளே புகுந்து உடல் ஊதிப்போகும். போதாததற்கு வெள்ளம் அடித்துவரும் வண்டல் மேலே படிந்து மூடும். ஜூலையில் சல்லடையை அலசினால் பல நேரம் மிஞ்சுவது அலையாத்தி இலை நரம்பும் பிளாஸ்டிக் துணுக்கும்தான்.

எங்களோடு வரும் தம்பி தாராவியில் வளர்ந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்படி ஒரு வெற்றுச் சல்லடையைப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் செத்துப்போச்சா?" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்ட குரல். எல்லாம் சாவதில்லை. சேற்றுக்குள் ஊறி நிற்கும் நீரின் உப்பு, மேல்தண்ணீரைப் போலச் சட்டென்று இறங்குவதில்லை. அதனால் ஆழமாகப் புதைந்து வாழும் சில புழுக்களும் மட்டிகளும் தாக்குப்பிடிக்கின்றன. கரையில் அலையாத்தி மரங்களுக்கடியில் பிடில் நண்டுகள் வளைக்குள் பதுங்கிக்கொள்கின்றன. கிரீக்கின் வாய்ப்பக்கம், உப்பு அவ்வளவாகக் குறையாத இடத்தில், அடுத்த தலைமுறைக்கான பெற்றோர் மிஞ்சியிருக்கும். மலபார் கரையோரக் கடலடியில் தென்மேற்குப் பருவமழையின்போது உயிர்கள் அருகி, பிறகு திரும்பி வருவதை ஆய்வாளர் சேஷப்பா 1953இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அக்டோபர்தான். நீரில் மிதந்து வந்த குஞ்சுப் பருவத்து உயிர்கள் சேற்றில் இறங்கிக் குடியேறும் காலம் அது. பார்வைக்குச் சல்லடை ஜூலையைப் போலவே காலியாகத் தெரியும். சாயம் ஏற்றி லென்ஸில் வைத்தால்தான் விஷயம் புரியும். நகத்தின் மேல் மணல் துகள் போல ஒட்டியிருந்தது ஒரு மட்டிக் குஞ்சு: இரண்டு ஓடும் மூடிய நிலையில், ஓட்டின் மேல் மெல்லிய வளர்ச்சி வரிகள், உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை. பக்கத்தில் ஒரு ஸ்பியோனிட் புழு, நூல் இழையைவிட மெலிசு, தலையில் இரை பொறுக்கும் இரண்டு நீண்ட உணர்கொம்புகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் இருந்தது. 1 மி.மீ. கண் சல்லடை வைத்திருந்தால் இரண்டுமே தண்ணீரோடு போயிருக்கும். சேறு காலி என்று எழுதியிருப்போம்.

அதற்குப்பின் குளிர்காலம் முழுக்க ஏற்றம்தான். பாலிகீட் புழு, குட்டி இறால் போன்ற ஆம்பிபாட், நத்தை, மட்டி எல்லாம் பெருகும் அதே மாதங்களில் உள்ளான்களும் பூநாரைகளும் சேற்றுத் திட்டுகளில் கூடுகின்றன. பெரிய பூநாரை நம் சல்லடையில் வருவதைத்தான் தின்கிறது. சிறிய பூநாரைக்குப் பாசி. ஏப்ரல், மே வெயிலில் சேற்றின் மேல்தோல் கொதிக்கும், உப்பு ஏறும், எண்ணிக்கை சில இடங்களில் மறுபடி குறையும்.

இதனால்தான் ஒரு பருவ அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் நாட்டில் பல திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது நடைமுறை. அந்த ஒரு பருவத்தில், அதிலும் பெரிய கண் சல்லடையில் அலசி, "அடித்தரை உயிர்கள் சொற்பம்" என்று ஒரு வரி எழுதிவிட முடியும். இந்தக் கிரீக் 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் சேற்றைப் பற்றி இவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு எழுதுவது பெரிய அநியாயம்.

சாக்கடை கலக்கும் இடங்களில் கதை இன்னும் சிக்கல். அங்கே கேபிடெல்லா மாதிரி, ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும் புழுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் செழிப்பான இடம் என்று தோன்றிவிடும். மழை வெள்ளம் அந்தக் கழிவைக் கொஞ்சம் அடித்துக்கொண்டு போவதால், அங்கே எண்ணிக்கை விழுவதைக் கேடு என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே எந்த எண் வந்தாலும் போன மாதத்தோடு ஒப்பிடுவதில்லை; போன வருடம் மழை விட்டு எத்தனை வாரம் கழித்து அதே இடத்தில் அள்ளினோம் என்று பார்த்து, அதோடுதான் வைத்துப் பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பாட்டிலின் லேபிளில் தேதிக்குக் கீழே, மழை நின்ற நாளையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.