மழையில்லாத நாளில் சொட்டிய கூரை

பரணை அறையாக மாற்றியது நாங்கள் இல்லை, அது வீட்டோடு வந்தது. முன்பக்க ஓட்டுச் சரிவை வெட்டி, ஜன்னல் வைத்து, அதன் தலைமேல் ஒரு தட்டைக் கூரை போட்டிருக்கிறார்கள். குளிர்காலம் வந்தால் உட்கூரையில் மஞ்சள் கறை படியும். ஒழுகுகிறது என்று நினைத்து மேலே ஏறி, ரப்பர் விரிப்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், மழை நாளில் அது சொட்டவே இல்லை. உறைபனி விழுந்த இரவுக்கு மறுநாள், வெயில் ஏறுகிற நேரத்தில்தான் சொட்டியது.

இதில் என் பங்கும் உண்டு. போன வருடம் அறை குளிர்கிறது என்று உட்கூரையில் பதித்த விளக்குகளின் துளைகள் வழியாகக் கிடைத்த இடத்திலெல்லாம், குளிரைத் தடுக்கும் கண்ணாடிக் கம்பளியைத் திணித்து வைத்தேன். கறை இரண்டு மடங்கானது.

முதல் சனிக்கிழமை. ஜன்னல் பக்கத்து ஜிப்சம் பலகையைக் கழற்றினோம். கம்பளி தலையணைபோல் கனத்து விழுந்தது. ரப்பர் விரிப்பைத் தாங்கும் மேல்பலகையின் அடிப்பகுதி முழுக்கக் கருத்திருந்தது, ஆணி முனை ஒவ்வொன்றிலும் ஒரு துளி நீர். மச்சான் விரலால் ஒரு துளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது மழைத் தண்ணி இல்ல மாப்ள, நீங்க விட்ட மூச்சு" என்றார். ஈரம் பார்க்கும் மீட்டரைப் பலகையில் குத்தினால் 26 சதவீதம் காட்டியது. மரத்தில் 20-ஐத் தாண்டி ஈரம் நிலைத்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

கணக்கு எளிதுதான். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரிக்கு இறங்கினால் 5 கிராமுக்கும் குறைவு. குளியல், துவைத்த துணி, நாலு பேர் தூக்கம் என்று சேர்ந்த ஆவி உட்கூரையின் இடுக்குகள் வழியாக ஏறி, குளிர்ந்த பலகையில் நீராகப் படிகிறது. அதை அள்ளிக்கொண்டு போகக் காற்றோட்டம் இருந்தால் பிழைத்தோம். என் கம்பளி பலகையைத் தொட்டுக்கொண்டு நின்று அந்த வழியை அடைத்துவிட்டது.

சரி, எந்த முறையில் செய்வது? மேல் விரிப்பு எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்திருந்தால் யோசிக்கவே மாட்டேன்: பலகைக்கு மேலே ஆவித் தடுப்பு, அதன்மேல் இன்சுலேஷன் அட்டை, அதற்கும் மேலே விரிப்பு. மரமெல்லாம் சூடான பக்கத்தில் இருக்கும், காற்றோட்டமே வேண்டாம். எனக்குத் தெரிந்து அதுதான் நல்ல முறை. ஆனால் எங்கள் விரிப்பு நன்றாக இருக்கிறது, உயரம் கூட்டினால் ஓட்டோடு சேரும் இடத்தை முழுக்கப் பிரிக்க வேண்டும். அதனால் உள்ளிருந்தே, பலகைக்குக் கீழே அட்டை வைத்து, நடுவில் காற்று ஓட இடம் விட்டுச் செய்தோம். இரண்டையும் கலக்கக் கூடாது. மேலே அட்டை போட்டுவிட்டு அதன் கீழே குளிர்காற்றை ஓடவிட்டால் அட்டை போட்டதே வீண்.

குறுக்குச் சட்டங்களின் உயரம் 150 மி.மீ. மேலே 50 மி.மீ. காற்றுக்கு, மீதி 100-இல் பாலியூரித்தேன் வகை அட்டை. அட்டை மேலே ஏறிவிடாமல் இருக்க ஒவ்வொரு சட்டத்தின் பக்கவாட்டிலும் சின்ன ரீப்பர் அடித்தேன். அலுப்பான வேலை, ஆனால் அந்த 50 மி.மீ. அளவை அதுதான் காப்பாற்றுகிறது.

எனக்குத் தலைவலி தந்தது காற்றின் பாதைதான். முன்பக்கம் கூரை விளிம்புக்குக் கீழே நீளவாக்கில் 25 மி.மீ. இடைவெளி விட்டு, பூச்சி வலை பொருத்தினேன். அரை நாளில் முடிந்தது. ஆனால் நுழைந்த காற்று வெளியே போக வேண்டாமா? பின்பக்கம் கூரை முகட்டில் போய் முட்டி நிற்கிறது. ஊதுபத்தியை முன் துளையில் காட்டினேன், புகை அசையாமல் செங்குத்தாக ஏறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், சட்டங்களுக்கு நடுவே முழு உயரத்துக்கு முட்டுக்கட்டைகள். சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அவை வேண்டும்தான், சும்மா பிடுங்க முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றி, 100 மி.மீ. உயரத்தில் வெட்டி, கீழ்விளிம்போடு சேர்த்துத் திரும்ப அடித்தோம். முகட்டை ஒட்டிய பின் சரிவில் காற்று விடும் ஓடுகளைக் கூரை வேலை தெரிந்தவரை வைத்து மாட்டினோம். மறுபடி ஊதுபத்தி. புகை வளைந்து உள்ளே ஓடியது. மச்சானுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

அட்டை வெட்டுவதற்கு ஒரு குறிப்பு: இடைவெளியை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். பழைய மரம் நேராக இருக்காது. நான் முதல் மூன்றை ஒரே அளவில் வெட்டி, மூன்றிலும் விரல் நுழையும் சந்து விட்டேன். பிறகு நுரை அடித்து அடைத்தேன். முகமூடி இல்லாமல் அறுக்க வேண்டாம்.

மரம் வழியாகச் சூடு அட்டையைவிட ஆறு மடங்கு சுலபமாகக் கடக்கும். அதனால் சட்டங்களுக்குக் கீழேயும் 40 மி.மீ. அட்டையைத் தொடர்ச்சியாக ஓட்டினேன். அதன்கீழ் ஆவித் தடுப்பு விரிப்பு, சேரும் இடமெல்லாம் ஃபாயில் டேப், சுவரோரம் சீலன்ட். பதித்த விளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டேன். ஆறு துளை என்பது ஆவிக்கு ஆறு வாசல். இப்போது சுவர் விளக்குதான். அறை கொஞ்சம் மங்கல் என்று மகள் சொல்கிறாள்.

ஆறு வாரம் கழித்து, பார்ப்பதற்கென்று விட்டு வைத்த மூடி வழியாக மீட்டரைக் குத்தினேன். நடுவில் 16, ஜன்னல் பக்கம் 17. கழிவுக் குழாய் குறுக்கே போகும் கடைசிப் பகுதியில் மட்டும் இன்னும் 21. அங்கே குழாயைச் சுற்றி டேப் சரியாக ஒட்டவில்லை. அந்த ஒரு ஜிப்சம் பலகையை மட்டும் திரும்பக் கழற்ற வேண்டும். பெயின்ட் அடித்தாகிவிட்டது, அதனால் இதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.